ஒரு கையால் திறக்கும் கூரை

கடந்த பங்குனியில் ஒரு நாள் இரவு. றிவஸ்டனுக்கு ஏறும் வீதியில், தெரிந்த ஒருவரின் கடை முற்றத்தில் வானை நிறுத்திவிட்டு, உயர்த்திய கூரைக்குள் போட்டிருந்த மேல் பலகையில் படுத்திருந்தேன். நள்ளிரவு தாண்டி எப்போதோ ஈரத் தறப்பாள் முகத்தில் வந்து ஒட்டியது. கண் விழித்த கணத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. தறப்பாளுக்குக் கீழே படுத்து எழும்பியவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொஞ்ச நேரத்துக்கு நான் 2009 இல் இருந்தேன். பிறகுதான் டீசல் மணமும் பக்கத்து ஓடையின் சத்தமும் வந்தன. வானின் கூரை தன் பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது.

வலது கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, காலால் ஒரு தடியைத் தேடி எடுத்து முட்டுக்கொடுத்தேன். இடது கை உதவாது. 2009 மாசியில் இடம்பெயர்ந்து போகும் வழியில் செல் துண்டு தோளில் ஏறியது. இரண்டு துண்டுகளை எடுத்தார்கள், ஒன்றை விட்டுவிட்டார்கள். கை தோளுக்கு மேலே எழும்பாது, ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது. மற்றபடி வான் ஓட்டுவேன், வெல்டிங் பிடிப்பேன்.

அந்தக் கூரையை நம்பித்தான் நான் கிளிநொச்சியில் இருந்து இரத்தோட்டைக்கு வந்திருந்தேன். மாமாவின் மகன், என் மச்சான், அங்கே சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறான். பழைய டொல்பின் வான் ஒன்றை, அதுதான் 90களின் ரொயோட்டா ஹையேஸ், வாங்கி, கூரையை நீள்சதுரமாக வெட்டி, அதன் மேல் பைபர் மூடி ஒன்றைப் பிணைச்சல் போட்டுப் பொருத்தியிருந்தான். பின்பக்கம் பிணைச்சல், முன்பக்கம் எழும்பும். மூடினால் சாதாரண வான். திறந்தால் உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், மேலே இரண்டு பேர் படுக்கலாம். நக்கிள்ஸ் மலை பார்க்க வருகிறவர்களையும், வெளிநாட்டில் இருந்து ஊர் பார்க்க வரும் எங்கள் சனத்தையும் ஏற்றிக்கொண்டு திரியும் வேலை எனக்கு. ஆனால் போகிற இடத்தில் கூரையைத் தனியே திறந்து மூட என்னால் முடியவேண்டும். முடியாவிட்டால் மச்சான் வேறு ஆளைத்தான் பிடிக்கவேண்டும். அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

கூரையைத் தூக்க உதவும் அந்தச் சாமானைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. எங்கள் ஊர் கராஜ்களில் 'டிக்கி ஷொக்' என்பார்கள். காரின் பின்கதவைத் திறந்தால் தானாக மேலே போய் நிற்கிறதே, இரண்டு பக்கமும் கறுப்பு உருளையும் பளபளக்கும் தண்டும், அது. உதிரிப்பாகக் கடையில் 'காஸ் ஸ்ட்ரட்' என்று கேட்டாலும் தருவார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

அதற்குள் சுருள் கம்பி இருக்கிறது என்றுதான் நானும் கனகாலம் நினைத்திருந்தேன். இல்லை. உள்ளே இருப்பது அமுக்கி அடைத்த நைதரசன் வாயுவும் கொஞ்ச எண்ணெயும். தண்டின் நுனியில் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அந்தப் பிஸ்டனில் சிறு துளை உண்டு. அதனால் வாயு இரண்டு பக்கமும் ஒரே அமுக்கத்தில் நிற்கும். அப்படியானால் தண்டை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு பக்கத்தில் வாயு முழுப் பரப்பிலும் அமுக்குகிறது. மற்றப் பக்கத்தில் தண்டு நிற்கும் இடம் அளவுக்குப் பரப்புக் குறைவு. அந்த வித்தியாசம்தான் தள்ளும் விசை. அதாவது, வாயுவின் அமுக்கத்தைத் தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால் விசை வரும். உருளை எவ்வளவு தடிப்பம் என்பது அதில் கணக்கே இல்லை.

உருளையின் மேல் 300N என்று அடித்திருந்தால் 300 நியூட்டன். பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 30 கிலோ தள்ளும். தண்டு 8 மில்லிமீற்றர் என்றால் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர மில்லிமீற்றர். 300 ஐ 50 ஆல் பிரித்தால் உள்ளே இருக்கும் அமுக்கம் சுமார் 60 பார். கார் ரயரில் இருப்பது 2.2 பார் அளவில். ரயரைப் போல 27 மடங்கு அமுக்கம் ஒரு விரல் தடிப்புள்ள குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது.

இதை வன்னியில் இருப்பவர்கள் கவனமாக வாசிக்கவேண்டும். பழைய இரும்பு சேர்க்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதிகம். அறியாத உலோக உருளையைத் தொடாதே என்று பாடசாலையில் படம் காட்டிச் சொல்லித்தந்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். இது வெடிபொருள் இல்லை, நைதரசன் எரியாது. ஆனாலும் இதை வாளால் அறுக்கவோ, துளைக்கவோ, வெல்டிங் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோகவோ, குப்பையோடு கொளுத்தவோ கூடாது. சூடாகும்போது அமுக்கம் ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் தண்டு அம்பு போலப் பாயும். எரியும் வாகனங்களில் இருந்து இவை பறந்து வருவதைத் தீயணைப்பாளர்கள் நன்கு அறிவார்கள். வானில் வெல்டிங் வேலை இருந்தால் முதலில் இதைக் கழற்றித் தூர வையுங்கள்.

இந்தச் சாமான் ஒன்றும் பெரிய பழைமையானது அல்ல. ஜேர்மனியின் கொப்ளென்ஸ் நகரில் இருக்கும் ஸ்ரபிலஸ் என்ற நிறுவனம் 1960களில்தான் இதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதற்கு முன்னர் வந்த முகாம் வான்களில், வொக்ஸ்வாகனில் வெஸ்ற்பாலியா பொருத்திக் கொடுத்தவை போன்றவற்றில், கூரையைக் கையாலும் கம்பிச் சுருளாலும் மடக்குச் சட்டங்களாலும்தான் எழுப்பினார்கள். மஸ்டா நிறுவனம் 1995 இல் விட்ட பொங்கோ பிரெண்டி வானில் பொத்தானை அழுத்தினால் கூரை மின்மோட்டாரில் எழும்பும். எங்களிடம் மோட்டாரும் இல்லை, வெஸ்ற்பாலியாவும் இல்லை. இருந்தது மச்சானின் பைபர் மூடிதான்.

இரண்டு முறை பிழைத்தது

முதல் சோடியைப் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினோம். இன்னொரு வானின் பின்கதவில் இருந்து கழற்றியவை. கராஜில் பூட்டிப் பார்த்தோம், மத்தியான வெயிலில் கூரை அழகாக நின்றது. தேநீர் குடித்துக் கொண்டாடினோம். இரவு மலையில் அது இறங்கியதைத்தான் மேலே சொன்னேன்.

ஏன் இறங்கியது? வாயு குளிர்ந்தால் அமுக்கம் குறையும். ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் விசை ஏறத்தாழ 0.3 சதவீதம் மாறும். அடித்திருக்கும் எண் 20 பாகையில் அளந்தது. இரத்தோட்டையில் பகல் 30 பாகை என்றால், மேலே றிவஸ்டன் காற்றில் இரவு 15 பாகை என்றால், ஐந்து சதவீதம் போய்விடும். புதிய, அளவான ஸ்ட்ரட் என்றால் அந்த ஐந்து சதவீதத்தைத் தாங்கும். எங்களுடையது வயதானது. சீல் தேய்ந்து வருடக்கணக்கில் வாயு கசிந்து, கூரையைத் தாங்குவதற்கு மட்டுமட்டாக நின்ற சாமான். அதோடு தறப்பாள் பனியில் நனைந்து பாரம் கூடியிருந்தது. கிளிநொச்சி வெயிலில் பூட்டிப் பார்த்துவிட்டு நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது முறை எங்களுக்குக் கோபம். "இருக்கிறதிலேயே பலமானதக் குடுங்க"ன்னு மச்சான் கேட்டு 700 நியூட்டன் சோடி ஒன்றைப் புதிதாக வாங்கிவந்தான். பழைய ஓட்டையிலேயே பூட்டினோம். கொழுக்கியைக் கழற்றி முன் விளிம்பை ஐந்து கிலோ அளவில் தூக்கினேன், பிறகு கூரை என்னைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து மேலே போனது. நான் சிரித்தேன். மூடப் போனபோதுதான் சிரிப்பு நின்றது. கைபிடி வாரைப் பிடித்து வலது கையால் தொங்கினேன். அசையவில்லை. மச்சான் வந்து இரண்டு கையாலும் இழுத்துத்தான் மூடினான். நாலாவது நாள் பைபரில், ஸ்ட்ரட்டின் மேல் நுனியைப் பூட்டிய இடத்தைச் சுற்றி, மயிர்போல வெடிப்பு. 140 கிலோ விசை நாலு சின்ன ஸ்குறூவில் நின்றால் வேறென்ன நடக்கும்.

அன்றிரவு நான் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போவதைப் பற்றி யோசித்தேன். பஸ் ஏறுவது லேசு. மாத்தளையில் ஏறினால் அதே ஏ9 வீதிதான், தம்புள்ள, வவுனியா தாண்டி நேரே எங்கள் வாசலுக்குக் கொண்டுபோய் விடும். 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு என் அம்மாவும் அப்பாவும் இரத்தோட்டைத் தோட்டமொன்றில் இருந்து இரண்டு மூட்டையோடு போனதும் அந்த வீதியால்தான். தேயிலையும் மிளகும் பறித்த கை, கிளிநொச்சி பாரதிபுரத்தில் காடு வெட்டியது. நான் அங்கே பிறந்தவன். மாமா குடும்பம் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. அதனால்தான் மச்சானின் பேச்சு ஒரு மாதிரி, என் பேச்சு வேறு மாதிரி. அவன் என்னை 'யாழ்ப்பாணத்தான்' என்று கேலி செய்வான். கிளிநொச்சியில் என்னைத் 'தோட்டக்காட்டான்' என்றவர்களும் உண்டு. சரி, அது வேறு கதை.

பத்தாம் ஆண்டுப் பாடம்

கணக்கைச் சரியாக்கியது மச்சானின் மகள். பத்தாம் ஆண்டு படிக்கிறாள். "மாமா, இது விசையின் திருப்பம்தானே, எங்களுக்கு இப்பதான் படிச்சுத் தந்தாங்க" என்று கொப்பியைக் கொண்டுவந்தாள். திருப்பம் என்றால் விசையை, அது சுழலும் புள்ளியில் இருந்து உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்குவது. ஒரு கதவைப் பிணைச்சலுக்குக் கிட்டத் தள்ளினால் கஷ்டம், கைபிடியில் தள்ளினால் லேசு. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், நாங்கள் அதைக் கூரைக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

முதலில் கூரையின் பாரம். கழற்றி நிறுக்கத் தேவையில்லை. ஸ்ட்ரட்டுகளைக் கழற்றிவிட்டு, மிளகு மூட்டை நிறுக்கும் கொழுக்கித் தராசை முன் விளிம்பில் மாட்டி, கூரை லேசாக எழும்பும்வரை தூக்கினோம். 15 கிலோ காட்டியது. பிணைச்சலில் இருந்து முன் விளிம்புக்கு 2 மீற்றர். 15 ஐ 2 ஆல் பெருக்கினால் 30. இதுதான் மூடிய கூரையைத் தூக்க வேண்டிய திருப்பம், கிலோ மீற்றரில். தறப்பாளும் கைபிடியும் எல்லாம் பூட்டியபடியே நிறுக்கவேண்டும். பிறகு சூரியத்தகடு பூட்டுவதாக இருந்தால் அதையும் மேலே வைத்து நிறுங்கள்.

கூரை முழுவதும் திறந்தால் 30 பாகை சரிவில் நிற்கும், முன் விளிம்பு ஒரு மீற்றர் உயரும். சரிவில் நிற்கும்போது பாரத்தின் திருப்பம் குறைந்து 26 ஆகும். ஆகவே மூடியிருக்கும்போதுதான் கூரை அதிகம் கனக்கும். என் கைக்கு உதவி தேவைப்படுவதும் அப்போதுதான்.

அடுத்தது ஸ்ட்ரட் நிற்கும் இடம். எங்களுடையதின் மேல் நுனி, கூரையில் பிணைச்சலில் இருந்து 90 சென்ரிமீற்றரில். கீழ் நுனி, வானின் உடம்பில் பிணைச்சலில் இருந்து 50 சென்ரிமீற்றரில், பிணைச்சல் மட்டத்துக்கு வெறும் 5 சென்ரிமீற்றர் கீழே. மூடினால் ஸ்ட்ரட் கிட்டத்தட்டப் படுத்துவிடும். படுத்த ஸ்ட்ரட் கூரையை மேலே தள்ளுவதில்லை, முன்னுக்குத் தள்ளிப் பிணைச்சலை இழுத்துக்கொண்டு கிடக்கும். பிள்ளை பத்துக்கு ஒன்று அளவில் அட்டை வெட்டி, குண்டூசி குத்தி, நூல் கட்டி, மூலைமட்டம் வைத்து அளந்தாள். பிணைச்சலில் இருந்து ஸ்ட்ரட்டின் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம், மூடியிருக்கும்போது 11 சென்ரிமீற்றர். திறந்திருக்கும்போது 46. மூடும்போது தண்டு உள்ளே போய் வாயு இன்னும் அமுங்குவதால் விசை கால் பங்குக்கு மேல் கூடும், நாங்கள் 1.3 மடங்கு என்று எடுத்துக்கொண்டோம்.

இப்போது 300 நியூட்டன் சோடி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூடியிருக்கும்போது இரண்டும் சேர்ந்து 78 கிலோ. அதை 0.11 ஆல் பெருக்கினால் 8.6. தேவை 30. மீதி 21 க்கு மேலே என் கை தரவேண்டும். கை 2 மீற்றரில் பிடிப்பதால் கிட்டத்தட்ட 10.7 கிலோ. நடக்காது. 700 நியூட்டன் சோடியைப் போட்டால் கைக்கு 5 கிலோ. அதுதான் திறக்க லேசாக இருந்தது. ஆனால் திறந்தபின் 140 ஐ 0.46 ஆல் பெருக்கினால் 64. கூரையின் பாரம் 26 தான். மீதி 38 ஐ நான் இழுத்து மடக்கவேண்டும், 22 கிலோ. தொங்கினேனே, அதுதான்.

பிள்ளை அட்டையில் கீழ் ஊசியைக் கழற்றி, பத்து சென்ரிமீற்றர் கீழே இறக்கிக் குத்தினாள். அதாவது மட்டத்தில் இருந்து 15 சென்ரிமீற்றர் கீழே. வேறு ஒன்றும் மாற்றவில்லை. மூடியிருக்கும்போது செங்குத்துத் தூரம் 11 இல் இருந்து 31 க்கு மேலே ஏறிவிட்டது. திறந்திருக்கும்போது 51 க்கு மேல். அதே 300 நியூட்டன் சோடி, மூடியிருக்கும்போது 78 ஐ 0.316 ஆல் பெருக்க 24.6. மீதி 5.4. என் கைக்கு 2.7 கிலோ.

நான் அவளை இரண்டு தரம் கணக்கைச் செய்யச் சொன்னேன். மச்சான் மூன்றாவது தரம் தன் போனில் செய்து பார்த்தான்.

திறந்தபின் 60 ஐ 0.517 ஆல் பெருக்க 31. பாரம் 26. ஐந்து மிச்சம். குளிரில் கொஞ்சம் போனாலும் கூரை நிற்கும். மூடுவதற்கு மூன்று கிலோ அளவில் இழுத்தால் போதும். நடுவிலும் பார்த்தோம். முன் விளிம்பு ஒரு சாண் உயரும்வரைதான் கை வேலை. அதற்கு மேலே கூரை தானாகப் போகும். மூடியிருக்கும்போது ஸ்ட்ரட்டின் 24.6 ஐ விடக் கூரையின் 30 பெரிதாக இருப்பதால், கொழுக்கியைக் கழற்றியவுடன் கூரை பாய்ந்து யாருடைய நாடியிலும் அடிக்காது. வெயிலில் வான் கொதித்து விசை ஏழெட்டு சதவீதம் கூடினாலும் அடிக்காது. நாங்கள் பலத்தைத் தேடி அலைந்தோம், கோளாறு பத்து சென்ரிமீற்றரில் இருந்திருக்கிறது.

ஸ்ட்ரட் வாங்கும்போது விசையைவிட நீளத்தைத்தான் கவனமாகப் பார்க்கவேண்டும். எங்கள் புதிய இடத்தில் மூடும்போது நுனிக்கு நுனி 427 மில்லிமீற்றர், திறக்கும்போது 662. ஆகவே தண்டு குறைந்தது 235 மில்லிமீற்றர் ஓடவேண்டும். அமுங்கிய நீளம் 427 ஐ விடக் கூடிய ஸ்ட்ரட் என்றால் கூரை மூடாது, நீங்கள் அமுக்க அமுக்கப் பைபர்தான் உடையும். முழு நீளத்தில் ஸ்ட்ரட் தானே தடைபோட்டு நிற்கவும் கூடாது, கூரை நிற்கும் இடத்தை ஒரு வார்ப்பட்டி முடிவுசெய்வது நல்லது.

பொருத்தும்போது

கீழ் நுனிக்கு ஜன்னலுக்கு மேலே ஓடும் விலாச்சட்டத்தில் மூன்று மில்லிமீற்றர் தகட்டை வெல்ட் பண்ணினேன். வெறும் வெளித்தகட்டில் ஸ்குறூ போட்டால் தகடு கிழியும், அது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. மேல் நுனிக்கு, வெடித்த பைபரைத் தேய்த்து இழை ஒட்டிக் காய்ந்தபின், உள்ளே உள்ளங்கை அகலத் தகடு, வெளியே பெரிய வாசர், ஊடாகப் போல்ட். ஒவ்வொரு ஓட்டையிலும் சீலன்ட். இரத்தோட்டை மழை ஓட்டையைத் தேடி வரும்.

உருளைப் பக்கம் கூரையில், தண்டுப் பக்கம் கீழே. தலைகீழாகப் பூட்டுகிறவர்கள் அதிகம். தண்டு கீழ்நோக்கி இருந்தால்தான் உள்ளே உள்ள எண்ணெய் சீலில் நின்று அதை ஈரமாக வைத்திருக்கும், திறந்து முடியும் இடத்தில் வேகத்தையும் அடக்கும். தண்டைக் குறட்டால் பிடிக்கக்கூடாது, பெயின்ற் படக்கூடாது. நகத்தால் தடவி உணரக்கூடிய ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து வாயு போய்விடும். இரண்டு நுனியிலும் குண்டுமூட்டு இருக்கிறதுதான், என்றாலும் இரண்டு குண்டுகளும் ஒரே தளத்தில் நிற்கவேண்டும். பக்கவாட்டில் வளைத்தால் அதே கதிதான்.

கழற்றிப் பூட்டும் வேலையைக் கூரை முழுவதும் திறந்திருக்கும்போதே செய்யுங்கள், அப்போதுதான் ஸ்ட்ரட்டின் தண்டு வெளியே வந்து அமைதியாக இருக்கும். ஆனால் அதற்கு முதல் கூரைக்கு இரண்டு பக்கமும் மரக்கட்டை முட்டுக்கொடுக்கவேண்டும். ஒரு முட்டு போதாது. நான் அனுபவப்பட்டவன். எப்போதும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கூரை கோணும். தண்டின் அடியில் எண்ணெய் வளையம் தெரிந்தால் அது முடியப்போகிறது என்று அர்த்தம்.

ஸ்ட்ரட் கூரையைத் திறந்து வைத்திருக்கும், ஓடும்போது மூடி வைத்திருக்காது. எதிர்காற்றில் கூரை எழும்பும். முன்பக்கம் இரண்டு கொழுக்கிகளும், அவை கழன்றாலும் பிடிக்க ஒரு நாடாவும் போட்டோம். திறந்து படுக்கும்போது ஒரு தடியும் வைத்துக்கொள்கிறேன். கணக்கில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஆனால் ஈரத் தறப்பாளை என் முகம் மறக்கவில்லை.

இன்னொன்று. வாகனத்தின் கூரையை வெட்டுவது அதன் கட்டமைப்பையே மாற்றுவது. கத்தியை எடுக்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

இதை வாசிக்கிற எல்லோரிடமும் முகாம் வான் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பெட்டிக்கடை இருக்கும். முன் தட்டியை ஒரு தடியால் தூக்கி முட்டுக்கொடுத்து, காற்றடித்தால் தலையில் விழுமோ என்று பார்த்துப் பார்த்து வியாபாரம் செய்கிற எத்தனை பெண்கள் ஏ9 வீதி ஓரத்தில் இருக்கிறார்கள். சூன் பாண் ஓட்டோவின் கண்ணாடிக் கதவு, படுக்கைக்குக் கீழே இருக்கும் பெட்டியின் மூடி, நெல்லுப் பெட்டியின் மூடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஒரு கை இல்லாதவருக்கோ, சக்கர நாற்காலியில் இருந்து திறக்கிறவருக்கோ செய்வதென்றால் கடைக்குப் போக முதல் அவரின் கையைக் கேளுங்கள். எத்தனை கிலோ தூக்கும், எந்த உயரத்தில் பிடிக்கும், திறந்தபின் எட்டி இழுக்குமா. எட்டாது என்றால் ஒரு வார் தொங்கவிடுங்கள். அங்கிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்து கீழ் நுனியின் இடத்தை முடிவுசெய்யுங்கள். நாங்கள் கடையில் இருந்து தொடங்கினோம், இரண்டு சோடிக் காசு போனது.

சித்திரையில் அம்மாவைக் கூட்டிவந்தேன். எழுபத்தாறு வயது. 1977 இல் போனவர், இடையில் இரண்டு மரண வீடுகளுக்குத்தான் வந்திருக்கிறார். வானைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத நீ ஒருத்தனே தொறக்கிறியா?" என்றார். இங்கே வந்திறங்கியதும் பேச்சு மாறிவிட்டது. கொழுக்கியைக் கழற்றிவிட்டு அவரையே தூக்கச் சொன்னேன். ஒரு சாண் தூக்கினார். கூரை கையை விட்டுப் போனது. பயந்து கையை எடுத்துவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

இரவு மேலே படுக்கச் சொன்னோம். தறப்பாளைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மாட்டேன் என்றார். மெனிக் பாமில் பார்த்தது போதுமாம். கீழே சீற்றில் படுத்தார், கதவைத் திறந்து வைக்கச் சொன்னார். மேலே நானும் மச்சானின் மகளும் மகனும். விடிய எழும்பி வாரை இழுத்துக் கூரையை மூடினேன், இரண்டு கொழுக்கியையும் மாட்டினேன், நாடாவைக் கட்டினேன். இடது கையால் செய்து பார்த்தேன். நாடாவுக்கு மட்டும் வலது கை தேவைப்பட்டது. அந்த முடிச்சுக்குப் பதிலாக ஒரு கிளிப் வாங்கவேண்டும்.